பாம்பைக் கும்பிடும் ஊரில் அபோஃபிஸ்

எகிப்தியக் கடவுளரை வைத்து ரிக் ரியோர்டன் பிள்ளைகளுக்கு எழுதிய நாவல் தொடர் 'கேன் குரோனிக்கிள்ஸ்'. அதன் மூன்று புத்தகத் தொகுப்பை வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். உலகத்தை விழுங்க வரும் பாம்புக்காகவே வாங்குகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். அபோஃபிஸ் என்ற அந்தப் பாம்பு முதல் புத்தகத்தில் முடிவை நெருங்கும்போதுதான் தலைகாட்டுகிறது. இரண்டாவதில் கனவுக்குள்ளிருந்தும் அடுத்தவர் உடம்புக்குள்ளிருந்தும் பேசுகிறது. மூன்றாவதில்தான் முழு உடம்போடு எழுகிறது. ஆனால் மூன்றிலும் மெலிந்த புத்தகம் அதுதான். அமெரிக்க முதல் பதிப்பில் 'தி ரெட் பிரமிட்' 516 பக்கம், 'தி த்ரோன் ஆஃப் ஃபயர்' 452, 'தி செர்ப்பென்ட்ஸ் ஷேடோ' 406. பாம்பு வளர வளரப் பக்கம் குறைகிறது. ரசிகர்கள் இந்தத் தொடரைப் பற்றிச் சொல்லும் குறைகளில் பாதி இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

இதை நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்து வாசகர்களுக்காகவே எழுதக் காரணம் உண்டு. ஊர்ப் பெயரிலேயே நாகம் இருக்கிறது. நாகராஜா கோயில் கருவறைக்கு இன்றும் ஓலைக்கூரைதான். அங்கே பிரசாதமாகத் தருவது கருவறை மண். ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் மஞ்சள் பொடியும் பாலுமாக நாகர் சிலைகள் நனையும். திருவட்டாறில் ஆதிகேசவப் பெருமாள் பாம்பணையில் கிடப்பதை மூன்று வாசல் வழியாகப் பார்க்கிறோம். எல்லை தாண்டினால் அனந்தனின் பெயரையே ஊராக வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் இந்தத் தொடரைப் படித்த பிள்ளைகள் கூடினால் முதலில் எழும் கேள்வி, "பாம்பைப் போய் எதுக்கு வில்லனாக்கினாரு?" என்பதுதான். சரியான கேள்வி. எகிப்தின் பழைய நூல்களுக்குள் போனால் இதற்குப் பதிலும் கிடைக்கிறது, நாவல் எங்கே தவறவிட்டது என்பதும் தெரிகிறது.

முதலில் வாங்கும் விஷயம்.

இதே பெயர்களில் படக்கதை வடிவமும் உண்டு, ஆர்ஃபியஸ் கொலர் வரைந்தது. இணையத்தில் தேடினால் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் நாவலுக்குப் பதில் படக்கதை வந்து சேரும். படக்கதை மோசமில்லை, ஆனால் அபோஃபிஸ் பேசும் இடங்கள் அதில் மிகவும் சுருங்கிவிடும். பக்க எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மந்திரம் சொல்லும் இடங்களில் ஹைரோகிளிஃப் சித்திர எழுத்தும் கூடவே அச்சாகியிருக்கும். நடைபாதையில் விற்கும் நகல் பதிப்புகளில் முதலில் கெடுவது அதுதான். கோடு தடித்து, எது பறவை எது பாம்பு என்று தெரியாமல் மைக்கட்டியாகிவிடும். சண்டை வரும் பக்கம் ஏதாவது ஒன்றைத் திறந்து பாருங்கள், அசலா நகலா என்று தெரிந்துவிடும். அடுத்து இரண்டாம், மூன்றாம் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். மந்திரச் சொற்கள், எகிப்தியச் சொற்கள், கடவுளர் பெயர்கள் என்று சொற்பட்டியல் இருக்க வேண்டும். அது இல்லாத பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐம்பது பக்கத்துக்கு ஒருமுறையாவது அந்தப் பட்டியல் தேவைப்படும்.

நம் பக்கம் ஜூன் தொடங்கினால் மழை. தடித்த பேப்பர்பேக் ஈரத்தில் நெளியும், முதுகுப் பசை விட்டுப்போகும். முதல் புத்தகத்தைக் கவிழ்த்து வைக்கும் பழக்கம் இருந்தால் நடுவில் பிளந்துகொள்ளும். தாள் செருகிப் படியுங்கள், நிமிர்த்தி அடுக்குங்கள்.

ஒலிநூலைத் தனியாகச் சொல்ல வேண்டும். கார்ட்டர், சேடி என்ற அண்ணனும் தங்கையும் மாறி மாறி மைக்கைப் பிடித்துப் பதிவு செய்ததை எழுத்தாக்கியது போலத்தான் கதையே அமைந்திருக்கிறது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவது சதுர அடைப்புக்குறிக்குள் வரும். அச்சில் அது சில சமயம் இடறும், காதில் சரியாக விழும். கெவின் ஆர். ஃப்ரீ கார்ட்டராகவும் கேத்ரின் கெல்கிரன் சேடியாகவும் வாசித்திருக்கிறார்கள். சேடி லண்டனில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவள். அவளுடைய லண்டன் பேச்சு வழக்குதான் நம் பிள்ளைகளுக்கு இந்தத் தொடரில் பெரிய தடை. ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால் முதல் இரண்டு சேடி அத்தியாயங்களை ஒலிநூலோடு சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். காது பழகிவிட்டால் பிறகு தானே ஓடும்.

இனி கதைக்குள் போகிறோம், முடிவு வரை. படிக்காதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்று புத்தகங்களும் 2010, 2011, 2012 என்று ஆண்டுக்கொன்றாக மே மாதத்தில் வந்தன. தந்தை ஜூலியஸ் கேன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ரொசெட்டா கல்லை வெடிக்க வைக்கிறார். ஐந்து கடவுளர் வெளியே வருகிறார்கள்: ஒசைரிஸ், ஐசிஸ், ஹோரஸ், செத், நெஃப்திஸ். முதல் புத்தகம் முழுக்கச் செத் தான் எதிரி. அவன் பின்னால் இன்னொன்று நெளிகிறது என்பது கடைசியில்தான் தெரிகிறது. இரண்டாவதில் அபோஃபிஸ் எழுவதற்கு ஐந்தே நாள். அதற்குள் சூரியக் கடவுள் ராவை எழுப்ப வேண்டும். எழுப்பினால் பல் போன, நினைவு தப்பிய கிழவராக வருகிறார். மூன்றாவதில் பாம்பை எப்படி அழிப்பது என்று எழுதி வைத்த சுருள்களை அந்தப் பாம்பே தேடித் தேடி எரிக்கிறது.

அந்த இடம் அருமையான இடம். உலகத்தை விழுங்கும் அளவுக்குப் பெரிய பாம்பு ஒரு தாளுக்குப் பயப்படுகிறது. எகிப்தியர் நம்பியதும் அதையே.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பிரெம்னர்-ரிண்ட் பாப்பிரஸ் என்ற சுருள் இருக்கிறது, கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தது. அபோஃபிஸ் என்பது கிரேக்க உச்சரிப்பு, எகிப்தியப் பெயர் அபெப். இந்தச் சுருளுக்குள் 'அபெப்பை வீழ்த்தும் நூல்' இருக்கிறது. கதைப் புத்தகம் போல இருக்காது, செய்முறைப் புத்தகம் போல இருக்கும். புதுப் பாப்பிரஸ் தாளில் பச்சை மையால் அபெப்பை வரைந்து பெயரை எழுத வேண்டும். மெழுகில் உருவம் பிடித்து அதிலும் பெயர் பொறிக்க வேண்டும். அதன்மேல் நான்கு தடவை துப்ப வேண்டும். இடது காலால் மிதிக்க வேண்டும். ஈட்டியால் குத்த வேண்டும். கட்ட வேண்டும். கத்தியால் வெட்ட வேண்டும். கடைசியில் நெருப்பில் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மந்திரம். ஒருநாள் செய்துவிட்டு ஓய்ந்துபோகும் சடங்கு கிடையாது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியது. ஏனென்றால் மறுவுலகம் வழியாக ரா பயணம் செய்யும் சூரியப் படகை அபெப் ஒவ்வோர் இரவும் தாக்குகிறது, ஒவ்வோர் இரவும் தோற்கிறது, மறுநாள் மறுபடியும் வருகிறது.

நாகர் தோப்புகளான நம் பக்கத்துச் சர்ப்பக்காவுகளையும், தரையில் வண்ணப் பொடியால் வரையும் கேரளத்துக் களமெழுத்தையும் அறிந்தவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். நாகப்பாட்டுப் பாடும் புள்ளுவர் போடும் நாகக்களத்துக்கு ஐந்து பொடி. வெள்ளைக்கு அரிசி மாவு, கறுப்புக்கு உமிக்கரி, மஞ்சளுக்கு மஞ்சள் பொடி, மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு, பச்சைக்கு இலைப்பொடி. உடலோடு உடல் பின்னிய நாகங்களை மணிக்கணக்கில் உட்கார்ந்து விரலிடுக்கில் பொடியைச் சொரிந்து வரைவார்கள். வீணையும் குடமும் ஒலிக்க, பாட்டு முற்றி ஆவேசம் வந்த பெண்கள் கமுகம்பூக் குலையால் அந்தக் களத்தையே அழித்துவிடுவார்கள். அங்கேயும் பாம்பை வரைகிறார்கள், இங்கேயும் வரைகிறார்கள். அங்கேயும் அழிக்கிறார்கள், இங்கேயும் அழிக்கிறார்கள். அங்கே அழிப்பது பகையை முறிக்க, இங்கே அழிப்பது நாகம் வந்து ஏற்றுக்கொண்டது என்பதற்காக. அங்கே துப்புகிறார்கள், இங்கே நூறும் (மாவும்) பாலும் வைக்கிறார்கள். வரைந்தால் அது வந்துவிடும் என்ற நம்பிக்கை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நாவலில் மந்திரவாதிகள் பாம்பின் பெயரை எழுதவே தயங்குவது ஏன் என்று புரியாத பிள்ளைக்கு ஒரு களத்தைக் காட்டினால் போதும்.

நாவல் அபோஃபிஸை அழிக்கக் கண்டுபிடித்த வழி அதன் நிழல். ரசிகர்கள் அதிகம் சண்டை போடுவது இதில்தான். "நிழலைப் பிடிச்சா பாம்பு செத்துப்போகும்னா, அது எழுத்தாளர் தனக்குத் தோதா வச்ச வழிலா?" என்று கேட்பவர்கள் ஒருபக்கம். அவர்களுக்கு எகிப்தே பதில் சொல்கிறது. ஒரு உயிருக்குப் பல பகுதிகள் உண்டு என்று அவர்கள் நினைத்தார்கள். தொடர் எடுத்துக்கொள்வது ஐந்து: பா என்ற ஆன்மா, கா என்ற உயிர்ச்சக்தி, ரென் என்ற பெயர், இப் என்ற இதயம், ஷெயுத் என்ற நிழல். பிரெம்னர்-ரிண்ட் சுருளும் அபெப்பின் உடலை மட்டும் சபிப்பதில்லை. அதன் ஆவி, அதன் நிழல், அதன் மந்திரம் என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிச் சபிக்கிறது. நிழல் ஒட்டுப்போட்ட யோசனை இல்லை, மூலத்தில் இருப்பது.

நாவல் அதற்கு விதிகளையும் ஒழுங்காக வைக்கிறது. நிழலைக் கண்டுபிடிக்க வேண்டும், அதை ஒரு உருவத்துக்குள் அடைக்க வேண்டும், நிஜப் பாம்பு எதிரே நிற்கும்போது அந்த உருவத்தைச் சபித்து அழிக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் வேலைக்காகாது. வழிகாட்டி செத்னே என்ற பேய். வரலாற்றில் இவன் எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்செஸின் மகன் காஎம்வாசெத். பழைய கல்லறைகளையும் பிரமிடுகளையும் சீர்படுத்தியதால் முதல் எகிப்தியவியலாளன் என்றே இவனைச் சொல்வார்கள். நாவலில் பொய்யும் புரட்டுமாக வந்து, மூன்றாம் புத்தகத்தில் பாம்பைவிடச் சுவாரசியமான ஆள் இவன்தான். பின்னால் வந்த சிறுகதைகளிலும், ரியோர்டனின் இன்னொரு தொடரின் நாயகன் பெர்சி ஜாக்சனோடு சேரும் கதை உட்பட, இவனே வில்லனாகத் திரும்பி வருவது வியப்பில்லை.

நிழல் விதியின் அழகு இரண்டாம் புத்தகத்திலிருந்தே விதைக்கப்பட்டிருக்கிறது. கொஞ்சம் நேரம் வாங்குவதற்காகப் பிள்ளைகள் நிலவுக் கடவுள் கொன்சுவோடு செனெட் என்ற பலகை ஆட்டம் ஆடும்போது, குள்ளக் கடவுள் பெஸ் தன் ரென்னைப் பணயம் வைத்து இழக்கிறான். பெயர் போனவன் உட்கார்ந்த இடத்தில் வெறித்துக்கொண்டே இருக்கிறான். மறக்கப்பட்ட கடவுளர் தங்கும் முதியோர் இல்லத்தில் நீர்யானைக் கடவுள் தவரெத் அவனைப் பார்த்துக்கொள்கிறாள். அவனை மீட்டுக்கொண்டுவருவதும் நிழல்தான். எந்தக் கருவியால் பாம்பு அழிகிறதோ அதே கருவியால் ஒரு நல்ல ஜீவன் பிழைக்கிறது. மூன்று புத்தகத்திலும் நன்றாகக் கட்டிய முடிச்சு இதுதான். இதற்காகவே வரிசை மாறாமல் படிக்க வேண்டும். மூன்றாவது மட்டும் நூலகத்தில் கிடைக்கிறதே என்று அதை முதலில் எடுத்தால் பெஸ்ஸின் பகுதி முழுக்க வீணாகிவிடும்.

செத்தை வைத்து ஒரு விவாதம். முதல் புத்தகத்தில் அத்தனை கெட்டவனாக இருந்தவன் பின்னால் பாம்புக்கு எதிராக நிற்பது பலருக்கு ஒட்டவில்லை. இதில் ரியோர்டன் பக்கம்தான் நியாயம். சூரியப் படகின் முன்தலையில் நின்று பாம்பை ஈட்டியால் குத்துகிறவன் பழைய நூல்களிலேயே செத் தான். எகிப்தியரின் 'இறந்தோர் நூல்' 108ஆம் அத்தியாயத்தில் பக்கு மலை மேல் 30 முழ நீளப் பாம்பு கிடக்கிறது, உடம்பின் முன்பகுதி சிக்கிமுக்கிக் கல். அதன் பார்வைக்கு மற்றவர்கள் எல்லாம் நின்றுபோகும்போது எதிர்த்து நிற்பவன் செத். அவனை அண்ணனைக் கொன்ற பாவியாகவும் வைத்துக்கொண்டு, வேறு யாராலும் முடியாத காவலையும் அவனிடமே கொடுத்தார்கள். இந்த இரட்டைத் தன்மையை நாவல் நன்றாகவே பிடித்திருக்கிறது. ஜூலியஸின் சகோதரர் அமோஸ் அவனைத் தன் உடம்பில் ஏற்றுக்கொண்டு தாங்கும் பகுதி, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எழுதிய கதை என்பதையும் தாண்டிக் கனக்கிறது.

பாம்பு என்ற பாத்திரம் எப்படி? இங்கே நிறையக் குறை. எகிப்திய இரவுப் பயண நூலான அம்துவாத்தில், மன்னன் மூன்றாம் துட்மோஸின் கல்லறைச் சுவரில் முழுதாக இருப்பது, ஏழாம் மணியில் அபெப் என்ன செய்கிறது தெரியுமா? ஆற்றுத் தண்ணீரைக் குடித்துவிடுகிறது. படகு மணலில் தட்டி நிற்கிறது. ஐசிஸின் மந்திரத்தால்தான் படகு நகர்கிறது. எகிப்தின் மொஅல்லாவில் உள்ள அன்க்டிஃபி என்ற ஆளுநரின் கல்லறை வாசகம், கி.மு. 2100ஐ ஒட்டியது, பஞ்ச காலத்தை 'அபெப்பின் மணல்திட்டு' என்றே சொல்கிறது. அந்த நாட்டுக்காரனுக்கு உலகம் முடிவது என்றால் ஆறு வற்றுவது. பழையாறும் குழித்துறைத் தாமிரபரணியும் பார்த்து வளர்ந்த நமக்கு இது உடனே உறைக்கும். ரியோர்டனின் அபோஃபிஸ் பெரியது, சிவந்தது, பேசுகிறது, சபலம் காட்டுகிறது. ஆனால் அதன் முதல் ஆயுதம் தாகம் என்பது கதையில் கனம் பெறவில்லை. எல்லாப் படத்திலும் வரும் பெரிய பாம்பாக அது ஆகிவிடும் இடங்கள் அதனால்தான் வருகின்றன.

கடைசிப் போரில் மட்டும் ஒரு நல்ல யோசனை. துவாத் என்ற மறுவுலகம் அடுக்கடுக்காக இருக்கிறது. ஒவ்வோர் அடுக்கிலும் பாம்பு ஒவ்வோர் உருவத்தில் ஒரே நேரத்தில் நிற்கிறது. ஒரு கடவுள் ஓர் அடுக்கில் வெட்டும்போது இன்னொரு அடுக்கில் அது வேறொருவரை நெரித்துக்கொண்டிருக்கிறது. வெட்டினாலும் ஏன் சாகவில்லை என்பதற்கு இது காரணம் தருகிறது, நிழல் ஏன் தேவை என்பதையும் விளக்குகிறது. ராவை விழுங்கும் காட்சியும் இங்கேதான். சூரியனைப் பாம்பு விழுங்குவதும் மீள்வதும் கிரகணத்துக்குப் பாம்பைச் சொன்ன ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. நிலவைப் பாம்பு விழுங்குவதைச் சங்கப் புலவர்களே பாடியிருக்கிறார்கள். இந்தப் பகுதியை வேகமாகப் படித்துவிடாதீர்கள். யார் எந்த அடுக்கில் நிற்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு படித்தால்தான் போர் புரியும். குழம்பிப்போய் "கடைசி அத்தியாயங்கள் சரியில்லை" என்று சொல்பவர்களில் பலர் இந்த அடுக்கு விஷயத்தைத் தவறவிட்டவர்கள்.

முடிவுக்கு வருவோம். அபோஃபிஸ் முழுதாக அழிகிறது. "தினமும் செத்து தினமும் வாற பாம்பை ஒரே அடியில எப்படிலே முடிப்பான்?" என்று ஒருவர் கேட்டால், "கதைய எங்கயாவது முடிக்கணும்லா மக்கா" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டாமவர் சொல்வது சமாதானம்தான், பதில் ஆகாது. ஆனால் ரியோர்டன் இந்தக் கேள்வியை உணர்ந்தே எழுதியிருக்கிறார் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. மாஅத் என்ற ஒழுங்கும் இஸ்ஃபெத் என்ற குழப்பமும் ஒரே கயிற்றின் இரு முனை. பாம்போடு குழப்பம் ஆழத்துக்குப் போனால் கடவுளரும் உலகத்தைவிட்டு விலகிப்போக வேண்டும். போகிறார்கள். பிள்ளைகள் ஜெயித்த அன்றே தங்களுக்குத் துணை நின்றவர்களை இழக்கிறார்கள். விலை இல்லாத வெற்றியாக அவர் விடவில்லை. வட ஐரோப்பாவின் நார்ஸ் கதையில் தோர் உலகப் பாம்பைக் கொன்றுவிட்டு அதன் விஷத்தால் ஒன்பது அடி நடந்து விழுந்து சாவான். அந்த அளவு துணிச்சல் இதில் இல்லை என்றாலும், பிள்ளைகள் புத்தகத்துக்கு இது பெரிய துணிச்சல்தான்.

நாவலோடு மாறுபடும் இடம் ஒன்று உண்டு. எகிப்தியர் அபெப்பைக் கும்பிடவில்லை, அதற்குக் கோயில் கிடையாது. அதை வைத்துக்கொண்டு "எகிப்தில் பாம்பு என்றால் தீமை" என்று நாவல் வாசகன் நினைத்துவிடக் கூடாது. பாரோவின் நெற்றியில் படமெடுத்து நிற்பது நாகம். இரவுப் பயணத்தில் ராவைச் சுற்றி வளைந்து குடையாக நிற்கிற மெஹெனும் பாம்புதான். விழுங்க வருவதும் பாம்பு, மூடிக் காப்பதும் பாம்பு. இந்த எதிர்நிலையை நாவல் கைக்கொண்டிருந்தால் கடைசிப் போரே வேறு மாதிரி ஆகியிருக்கும். ஆதிசேஷன் படத்தின் கீழே துயிலும் பெருமாளை மூன்று வாசல் வழியாகப் பார்த்த கண்ணுக்கு மெஹென் அந்நியனே இல்லை.

உலகத்தை முடிப்பது யார் என்பதிலும் எகிப்து வேறு சொல்கிறது. 'இறந்தோர் நூல்' 175ஆம் அத்தியாயத்தில் ஒசைரிஸ் தன் ஆயுள் எவ்வளவு என்று ஆதிக் கடவுள் அதூமிடம் கேட்கிறான். கோடிக்கணக்கான ஆண்டுகள் என்று பதில் வருகிறது. பிறகு அதூம், தான் படைத்ததையெல்லாம் தானே அழிப்பேன், பூமி ஆதி வெள்ளத்துக்குத் திரும்பும், நானும் ஒசைரிஸும் மட்டும் மிஞ்சுவோம், நான் பாம்பாக மாறியிருப்பேன் என்கிறான். அபெப் ஒவ்வோர் இரவும் உலகத்தை முடிக்கப் பார்க்கிறது, முடிவதில்லை. முடியும் நாளில் அதற்கு வேலையும் இல்லை. மிஞ்சுவது வேறொரு பாம்பு.

சேஷன் என்ற சொல்லுக்கும் எஞ்சியவன் என்றுதான் பொருள். விஷ்ணு புராணத்தில் கற்ப முடிவில் சேஷனின் வாய்களிலிருந்து சங்கர்ஷண ருத்திரன் நெருப்பாகப் புறப்பட்டு மூவுலகையும் விழுங்குகிறான். பிறகு எல்லாம் ஒரே வெள்ளம், அதன்மேல் பாம்பணை. தாங்கியவனே முடிப்பவன், முடித்தபின் மிஞ்சுபவனும் அவனே. நைல் கரையில் எழுதியதும் இங்கே எழுதியதும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்லத் தேவையில்லை. சட்டை உரித்துக்கொண்டு மறுபடி ஊர்ந்துபோகும் உயிரைப் பார்த்த இரண்டு நாட்டுக்காரர்களுக்கும் ஒரே எண்ணம் வந்திருக்கலாம்.

பாம்பைக் கும்பிடுகிற வீட்டுப் பிள்ளைக்கு இதைக் கொடுக்கலாமா என்று சில பெற்றோர் தயங்குகிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். கதையில் அபோஃபிஸ் குழப்பத்தின் வடிவம், புற்றில் இருக்கும் நாகம் அது இல்லை. இரண்டாம் புத்தகம் முடித்ததும் ஒருநாள் நாகராஜா கோயிலுக்குக் கூட்டிப் போய், ஓலைக்கூரை ஏன் இன்னும் ஓலைக்கூரையாகவே இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாம் புத்தகத்தை வேறு கண்ணோடு படிக்கும்.

மந்திரச் சொற்களை உரக்கச் சொல்லிப் பழக ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஒரு விவரம். 'ஹா-டி' என்றால் அழி, 'தாஸ்' என்றால் கட்டு, 'ஹி-நெம்' என்றால் சேர். எகிப்தியர் உயிரெழுத்தை எழுதவில்லை, மெய்யை மட்டுமே எழுதினார்கள். இடையில் வரும் அ, ஆ, இ எல்லாம் பிற்காலத்து ஊகம். அதனால் உங்கள் உச்சரிப்பு நண்பன் உச்சரிப்போடு ஒத்துப்போகவில்லை என்று சண்டை போட வேண்டாம்.

இன்னொரு செய்தி, ரசிகர்கள் நாள் எண்ணிக்கொண்டிருப்பது. 2004இல் கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு அபோஃபிஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 2029 ஏப்ரல் 13ஆம் தேதி அது பூமியின் தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்துபோகும், டிவி செயற்கைக்கோள்கள் சுற்றும் உயரத்தையும்விடக் கிட்டே. மோதாது, குறைந்தது நூறு ஆண்டுக்கு ஆபத்தில்லை என்று நாசா 2021இல் உறுதி செய்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமைக்குள் மூன்று புத்தகமும் முடித்திருக்க நேரம் இருக்கிறது.

முடித்தவர்கள் அடுத்து துணைநூல்களுக்கு அவசரப்பட வேண்டாம். சொற்பட்டியல் கையில் இருக்கும்போது அவற்றில் புதிதாக அதிகம் இல்லை. அதற்குப் பதில் 'இறந்தோர் நூல்' ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை எடுத்து 108, 175 என்ற இரண்டு அத்தியாயங்களை மட்டும் படியுங்கள். வாலிஸ் பட்ஜின் பழைய மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, நடை மட்டும் கரடுமுரடு. ஃபாக்னரின் மொழிபெயர்ப்பு கிடைத்தால் அதுவே நல்லது. 108இல் செத் ஈட்டியோடு நிற்பான். 175இல் வெள்ளத்துக்கு மேல் பாம்பு மிஞ்சியிருக்கும்.